மகேசின் துவைக்காத நைட்டி

1

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் யோனாஸ் இன்று என் மேலங்கியைக் கேட்டான். அலமாரியில் இருக்கும் சலவை அங்கி வேண்டாம், நான் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருப்பதுதான் வேண்டும் என்றான். கழற்றிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டான். ஒரு சுண்டெலி கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு அவன் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

எனக்கு அது பிடிக்கவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், பிரேமென் என்ற துறைமுக நகரத்தில், அல்சைமர் நோயை ஆராயும் ஒரு கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எலிக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. சில குடும்பங்களில் இளவயதிலேயே அந்த நோயைக் கொண்டுவரும் மனித மரபணுவை எலியின் கருவில் சேர்த்து வளர்க்கிறார்கள். அப்படிப் பிறந்த எலிக்குச் சில மாதங்களிலேயே மூளையில் புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. கற்றதை மறக்கிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் சிலவற்றுக்கு அந்த மரபணு வரும், சிலவற்றுக்கு வராது. எல்லாம் ஒரே கூண்டில்தான் வளரும். எது எது என்று என்னிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என் கண் ஓரவஞ்சனை செய்யும்.

நினைவைச் சோதிக்க ஒரு வட்டத் தொட்டி இருக்கிறது. வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர். தண்ணீருக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறிய மேடை. சுவரில் இருக்கும் அடையாளங்களைப் பார்த்து எலி நீந்திப் போய் அந்த மேடையில் ஏற வேண்டும். நினைவுள்ள எலி நேராகப் போகும். மறந்த எலி சுற்றிச் சுற்றி வரும். களைத்துப்போனால் நான் கையைக் கொடுத்துத் தூக்கி, துடைத்து, கதகதப்பாக வைத்துக் கூண்டில் விடுவேன். அந்தக் கை அதற்குப் பழகிய கையாக இருக்க வேண்டும். புது வாசனைக்கு எலி மிரளும். மிரண்ட எலியைச் சோதித்தால் பயம் தெரியுமே தவிர மறதி தெரியாது.

ஆகவே ஆள் மாறும்போது கைமாற்றம் என்று ஒன்று உண்டு. பழைய ஆளும் புது ஆளும் சில நாள் சேர்ந்து நிற்பார்கள். புதியவர் பழையவரின் துவைக்காத அங்கியைப் போட்டுக்கொள்வார். கூண்டு மாற்றினால்கூடப் பழைய கூட்டுப் பஞ்சில் ஒரு பிடியைப் புதியதில் போட்டுவிட்டுத்தான் எலியை விடுவோம்.

வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னது நான். யோனாஸைப் பழக்குவதும் நான். இருந்தாலும் அந்த எலி ஒரு நாளாவது தயங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. போனிலிருந்து தலையைத் தூக்காமல், “எலி விஷயத்துல போய்ப் பொறாமையா?” என்று ஜெர்மனில் கேட்டாள். “பொறாமை இல்ல, சும்மா சொன்னேன்” என்று நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் இப்படித்தான். தாம்பரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிளாட்பாரத்திலிருந்து கிளம்பும் இரண்டு வண்டிகள் கொஞ்ச தூரம் சேர்ந்தாற்போல ஓடும். அதற்கப்புறம் அதனதன் வழி.

பொறாமைதான். போன ஆடி மாதம் சேலையூரில், அப்பா வீட்டில், அதை முழுசாக அனுபவித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்கு அதன் முகம் தெரியும். 

2

அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தவர். போல்ட்டு, நட்டு, பின், எதுவானாலும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே குறை சொல்லிவிடுவார். கேம்ப் ரோடு முனையில் கம்பெனி பஸ் இறக்கிவிடும். நான் அங்கேயே போய் அவருடைய டிபன் பாக்ஸை வாங்கித் திறந்து, மிச்சம் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். “இன்ஸ்பெக்டர், பாஸா?” என்பார். பாஸ் என்றால்தான் வீட்டுப் பக்கம் நடப்பார். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்தப் பேர் இருந்தது. அதற்குப் பிறகும் போனில் இருந்தது.

அம்மா காலமான பிறகு அப்பாவுக்கு மறதி தொடங்கியது. இப்போது முற்றிவிட்டது. பார்த்துக்கொள்வது தம்பி சரவணனின் மனைவி மகேஸ்வரி. எங்களுக்கு மகேசு. வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, நடுநடுவே எழுந்துபோய் அப்பாவைக் கவனிப்பாள். அவர் அவள் கையால் மட்டும்தான் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவள் அவருக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் திருப்தியாக அவளைப் பார்த்து, “இன்ஸ்பெக்டர், உப்பு ஓகே” என்றார்.

“உன்ன என்னன்னு கூப்பிட்டாரு?” என்று கேட்டேன்.

“இன்ஸ்பெக்டர்னு அண்ணி. கொஞ்ச நாளா அப்படித்தான் கூப்பிடறாரு. கம்பெனியில யாராச்சும் இருந்திருப்பாங்க போல.”

“ஆமா, கம்பெனி ஆளாத்தான் இருக்கும்” என்றேன்.

அது என் பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் வருத்தப்பட்டு, எனக்கு ஆறுதல் சொல்வாள். அதையும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அந்த நாட்களில் எலிகள் மேலேயே எனக்குப் பொறாமை இருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்து கொடுத்த எலிகள் மூளைத் திட்டு குறைந்து மறுபடி மேடையைக் கண்டுபிடித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேராக நீந்திப் போய் ஏறி நிற்கும். எலியிடம் பலித்தது மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சலிப்பு. தெரிந்தும் அந்த எலியைத் துடைக்கும்போது, உனக்கு மட்டும் எப்படி என்று கேட்கத் தோன்றும்.

3

மகேசுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் அப்பாவால் தள்ளிப்போட்டாள். ஏஜென்சியிலிருந்து வந்த அம்மாள் ஊட்டியதை அப்பா துப்பினார். சரவணன் ஊட்டப் போனால் வாயே திறக்கவில்லை. முதல் முறை ஒத்திகை போல ஒரு நாள் அவளை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். அப்பா பட்டினி கிடந்து, கடைசியில் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை டாக்டர் அவள் இரத்த அளவைப் பார்த்துவிட்டு, இனித் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

சரவணன் போன் செய்தான். “அக்கா, நீ வந்தாத்தான் ஆகும். உன் கையால கண்டிப்பா சாப்பிடுவாரு. நீதானே அவருக்கு உசுரு.”

அந்தக் கடைசி வார்த்தைக்கே நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

விடுப்பு வாங்கப் போன இடத்தில் அலுவலகப் பெண்மணி அறுவைச் சிகிச்சை யாருக்கு என்று கேட்டார். தம்பி மனைவிக்கு என்றேன். அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு என்ன என்றார். அவள் இல்லாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார் என்றேன். என் ஜெர்மனில் ஏதோ பிழை இருப்பதாக நினைத்து அவர் அதே கேள்வியை மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல மறுபடி கேட்டார். நானும் மெதுவாக அதே பதிலைச் சொன்னேன். அப்பாவின் மருத்துவச் சான்றை அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி வாங்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கு நம்மூர் டாக்டரின் கையெழுத்து புரியவில்லை. என்னைக் கேட்டுக் கேட்டு எழுதி, அது சரியான மொழிபெயர்ப்பு என்று முத்திரை குத்திக் கொடுத்தார். எல்லாம் முடிந்து, தம்பி மனைவி நெருங்கிய உறவில் வரமாட்டாள் என்று சொல்லி, என் சொந்த விடுப்பில் கழித்துக்கொண்டார்கள்.

மீராவையும் வரச் சொன்னேன். பள்ளியில் நாடகம் இருக்கிறது என்றாள். “தாத்தாவுக்கு என்னைத் தெரியாதேம்மா” என்றும் சொன்னாள். என்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

4

நான் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனபோது அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மடியில் ஓர் எவர்சில்வர் பாத்திரம் நிறையப் பழைய போல்ட்டும் நட்டும். ஒவ்வொன்றுக்கும் ஜோடி பார்த்து மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து நின்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

“இன்ஸ்பெக்டர், மேடத்துக்குச் சேர் போடு. ஆடிட்டுக்கு வந்திருக்காங்க.”

“அப்பா, நான் சுமதி.”

“உக்காருங்க மேடம். ரிஜெக்ட் ஆனதெல்லாம் தனியா வெச்சிருக்கோம். பாத்துக்கலாம்.”

“மாமா, இது உங்க பொண்ணு” என்றாள் மகேசு.

அவர் அவள் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்று எண்ணி, “சும்மா இரு. ஆடிட்ல சொந்தம் கொண்டாடக் கூடாது” என்றார்.

மகேசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

“இந்த போல்ட்டு ஐடியா யாரு குடுத்தது?” என்று கேட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி எதையாவது செய்தால் அதற்கு ஒரு கூட்டம் போடுவார்கள்.

“யாரும் குடுக்கல அண்ணி. மூணு தடவ டிவி ரிமோட்டப் பிரிச்சுப் போட்டுட்டாரு. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில எடைக்குக் கிடைச்சுது. ரிமோட்டக் காப்பாத்த வாங்குனேன்.”

மதியம் நான் ரசம் சாதம் பிசைந்து கொண்டுபோனேன். அப்பா மரியாதையாகக் கையால் தடுத்தார். “நீங்க சாப்பிடுங்க மேடம். நாங்க கேன்டீன்ல பாத்துக்கறோம்.” வாயை இறுக மூடிக்கொண்டார். மகேசு வந்து அதே தட்டை வாங்கி அதே சாதத்தை ஊட்டினாள். குஞ்சு போல வாயைத் திறந்தார்.

என்னை அவர் துப்பியிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவளை “ஏய்” என்கிறார், “நீ” என்கிறார், கையைத் தட்டிவிடுகிறார். எனக்கு மட்டும் பன்மையும் நாற்காலியும்.

அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அவர் என் கையால் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மகேசு மூன்றாவது முறையும் தள்ளிப்போட்டுவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டதற்கு, “பாத்துக்கலாம் அண்ணி, இத்தன நாள் ஓடலியா” என்றாள். பேசும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

5

இரண்டு நாள் அவளைக் கவனித்தேன். ஆய்வுக்கூடத்தில்கூட நான் எதையும் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. பொறாமை நல்ல பூதக்கண்ணாடி. அவள் எப்போதும் அவருடைய இடது பக்கமாக வருவாள். வரும் முன்பே கண்ணாடி வளையல் சத்தம் வந்துவிடும். சந்தன வாசனைப் பவுடர். பூப்போட்ட பருத்தி நைட்டி, மாமனார் எதிரில் நடமாடுவதால் தோளில் ஒரு துண்டு. அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வளையல் கேட்டதும் வாய் தயாராகிவிடுகிறது.

“மகேசு, உன் நைட்டி ஒண்ணு குடு.”

“பீரோல துவைச்சு மடிச்சு இருக்கு பாருங்க, எது வேணுமோ எடுத்துக்கோங்க.”

“துவைச்சது வேணாம். இப்ப போட்டிருக்கியே, அது.”

“ஐய. ரெண்டு நாளாப் போட்டிருக்கேன் அண்ணி. வேர்வ, தாளிச்ச வாசன, எல்லாம் அடிக்கும்.”

“அதுதான் வேணும்.”

எங்கள் கைமாற்றத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

“எலிக்குப் பண்றத மாமாவுக்குப் பண்றீங்களா?”

“எலிக்கு ஒத்துவருது.”

“எலி மறைமலை நகர்ல ஷிப்ட் பாத்து ரிட்டயர் ஆகலியே. சரி, வளையலும் தரணுமா? கழட்டித் தரேன். பவுடர் டப்பாவும் எடுத்துக்கோங்க. தாலிய மட்டும் விட்டுடுங்க அண்ணி.”

ஒழுங்காக, படிப்படியாகச் செய்தோம். முதலில் அவள் ஊட்ட, நான் அவள் நைட்டியில் பக்கத்தில் நின்றேன். அப்புறம் நான் தட்டைப் பிடித்தேன். அப்புறம் வளையல் என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு முதல் வாயை அவளும் மீதியை நானும். ஒவ்வொரு படியிலும் அவள் ஓரடி பின்னால் போனாள். கடைசியில் சமையலறை வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

வேலைக்கு வரும் தேவகி என்னைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “இன்னாக்கா, நீ இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போவல?” என்றாள். நான் திரும்பினேன். “அட, ஜெர்மனிக்காரம்மாவா. நைட்டி நல்லாதான் கீது. ஆனா நீ குண்டாயிட்ட மாதிரி கீதேன்னு பாத்தேன்.”

வேறு சமயமாக இருந்தால் கோபம் வந்திருக்கும். தேவகி ஏமாந்தாள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

அன்று மதியம் அப்பா என் கையால் முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். கடைசி வாய் முடிந்ததும், “இன்ஸ்பெக்டர், இன்னிக்கி நீ லேட்டு” என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர் என் முகத்தைப் பார்த்து வந்தது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ஆடிட் மேடம் போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“நல்ல வேள.”

“ஏன் சார்? நல்லவங்களாத்தானே தெரிஞ்சாங்க.”

“நல்லவங்கதான். ஆனா பாத்துட்டே இருக்காங்க. அப்படிப் பாத்தா கை ஓட மாட்டேங்குது.”

நான் துண்டால் அவர் மோவாயைத் துடைத்தேன். எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரியாமல், “உங்க பொண்ணு எங்க சார்?” என்று கேட்டேன்.

“ஸ்கூலுக்குப் போயிருக்கு. வந்துரும். வந்து என் டிபன் பாக்ஸத் திறந்து பாக்கும்.” சொல்லிவிட்டு, எனக்கு ஒருநாளும் காட்டாத ஒரு பெருமையோடு சிரித்தார்.

மகேசின் மேல் இருந்த பொறாமை எனக்குப் பழகிப்போயிருந்தது. இந்தப் பெண் மேல் வந்தது புதிது. அவள் இரட்டைச் சடையோடு கேம்ப் ரோடு முனையில் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் வரவை அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் இடத்துக்கு நான் எந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு போவது?

6

மகேசைக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. சரவணன் அவளோடு இருந்தான். வீட்டில் நானும் அப்பாவும்.

மயக்கம் தெளிந்து அவள் பேசிய முதல் போன் எனக்குத்தான். குரல் கம்மியிருந்தது. “சாப்பிட்டாரா அண்ணி?”

“சாப்பிட்டாரு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.”

அது உண்மை. ஆனால் முதல் வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். “நல்லது அண்ணி” என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் சரவணனின் தோளைப் பிடித்து மெல்ல மெல்ல நடந்து வந்தாள். மொடமொடப்பான புடவை. மேலெல்லாம் மருந்து வாசனை. கையில் வளையல் இல்லை, வளையல் என் கையில் இருந்தது. அப்பா போல்ட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டார்.

“வாங்க மேடம்” என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்து, “இன்ஸ்பெக்டர், இது இன்னொரு ஆடிட்டா?”

சரவணன் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

“மாமா, நான் மகேசு.”

“உக்காருங்க மேடம். டீ சொல்றேன்.”

அவள் உட்காரவில்லை. உள்ளே போய்ப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அப்போது வந்த உணர்ச்சியை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். அவளுக்காக வருத்தம் வந்தது. அதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், இப்போது உனக்குத் தெரிகிறதா என்று வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். 

“அந்த நைட்டியக் கழட்டிக் குடுங்க அண்ணி.”

“துவைச்சுத் தரேன்.”

“துவைக்க வேணாம். எனக்கும் தெரியும்.”

கண் சிவந்திருந்தது. “வெறும் நாலு நாளு” என்றாள். “நான் எத்தன வருஷம்.”

திருப்பிக் கொடுப்பதற்கும் முறை அதேதான். மறுநாள் காலையிலிருந்து தொடங்கினோம். நைட்டி அவளுக்குப் போயிற்று, வளையல் போயிற்று, நான் ஒவ்வோரடியாகப் பின்னால் போனேன். நான் ஊருக்குக் கிளம்பும்போது அப்பா அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, அவளை “ஏய்” என்று அதட்டிக்கொண்டு இருந்தார். வாசல்வரை வந்து என்னிடம், “ரிப்போர்ட் நல்லபடியா எழுதுங்க மேடம்” என்றார்.

ஆனால் அதை அந்தச் சாயங்காலமே தொடங்கியிருக்கலாம். அவள் கேட்டாள். நான்தான், “நீ இன்னிக்கி ரெஸ்ட் எடு மகேசு. ராத்திரிச் சாப்பாடு ஒண்ணு மட்டும் நான் பாத்துக்கறேன். காலையில தரேன்” என்றேன். அவள் உடம்புக்காகச் சொல்வதுபோலத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

சமையலறையில் சாதத்தை மசித்துக்கொண்டிருந்தேன். படுத்த இடத்திலிருந்தே அவள் குரல் வந்தது.

“ரசம் சூடா இருக்கட்டும் அண்ணி. ஆறிப்போனா தொட மாட்டாரு.”

“தெரியும்” என்றேன்.

எனக்குத் தெரியாது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம், வாய் சுட்டுவிடுமே என்று நான் ஆறவைத்துத்தான் கொடுத்திருந்தேன். அவர் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னலோரம் வைத்தேன். நன்றாக ஆறிய பிறகு பிசைந்து எடுத்துக்கொண்டு, அவருடைய இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.